மறுமொழி: வெயிட்டட் சில்க்குக்கு ‘எடைப்பட்டு’ சரிவருமா?

அண்ணை, வெயிட்டட் சில்க் எண்ட இங்கிலீசுச் சொல்லுக்குத் தமிழில ‘எடைப்பட்டு’ எண்டு நீங்கள் போட்டதைப் பார்த்தன், எனக்கெண்டா சரிவரேல்ல. பாரமான பட்டு எண்டுதான் ஆக்களுக்கு விளங்கும், கூறைச்சீலையும் பாரம்தானே, அது சரிகைப் பாரம். இது வேற கதை. பட்டுநூலை அவிச்சுப் பசையை எடுத்தா கிட்டத்தட்டக் காற்பங்கு நிறை போயிடும், பட்டு நிறுத்து விக்கிற சாமான் எண்டபடியா அந்த நட்டத்தைச் சரிக்கட்ட வெள்ளீயக் குளோரைட்டுக்குள்ள தோய்ச்செடுத்தாங்கள், 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து 1930கள் மட்டும் ஐரோப்பா, அமெரிக்காவில இது சர்வசாதாரணம், போனதைவிடக் கூடவும் ஏத்தினவங்கள். ஏத்தினது எண்டது சொல்லுக்குள்ள வரவேணும். ‘நிறையேற்றிய பட்டு’. (தமிழ்நாட்டு ஆக்களுக்கு: இலங்கையில பள்ளிக்கூடப் புத்தகத்தில வெயிட்தான் நிறை, மாஸ் திணிவு. நீங்கள் ‘எடையேற்றிய’ எண்டாலும் நான் சண்டைக்கு வரேல்ல.)

அடுத்தது ஷட்டரிங், இப்பிடி நிறையேத்தின பட்டு காலம்போகத் தானாப் பிளந்து போறது. ‘கிழிசல்’ வேண்டவே வேண்டாம். திருகோணமலைப் பாலையூற்றில ஒரு பறங்கியர் வீட்டு அலுமாரியில கிடந்த பழைய கலியாணக் கவுண் பார்த்தன், ஒருத்தரும் இழுக்காமலே மடிப்பு வழிய கோடுகோடாப் பிளந்து, தொட்ட இடம் தூளா விரலில ஒட்டுது. இதைத்தானே எங்கட சனம் ‘இத்துப்போச்சு’ எண்டுறது? அப்ப ‘பட்டிற்றல்’ (பட்டு, இற்றல்). ‘சிதைவு’ எண்டு வைச்சா பூச்சி அரிச்சது, பூஞ்சணம் பிடிச்சது எல்லாம் அதுக்குள்ள வந்து குந்திடும்.

நிறையேத்தின பட்டோ எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. உள்தையலில இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கோ, மயிர் பொசுங்கின மணம் ரெண்டுக்கும் வரும், ஆனா வெறும் பட்டு கறுப்பா உருண்டு விரலுக்குள்ள பொடியும், நிறையேத்தினது நூல் வடிவத்திலேயே சாம்பலா நிக்கும்.

இத்தது திரும்பி வராது, உள்ளதைக் காப்பாத்துறதுதான். தோய்க்கக் கூடாது, ஹாங்கரில தொங்கவிட்டா தோள்பட்டையில பிய்யும், அமிலமில்லாத் தாளைச் சுருட்டி மடிப்புக்குள்ள வைச்சு வெளிச்சம் படாமப் படுக்கப் போடுங்கோ. எங்கட மாரிக்குப் பொலித்தீன் பை சரியே இல்லை, உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணம் வரும், பழைய பருத்தி வேட்டியைத் தோய்ச்சுக் காயவைச்சுச் சுத்தினாக் காணும்.

ஷிபோன், ஜோர்ஜெட்டுக்கும் சொல் கேட்டிருந்தீங்கள், அதுகளை அப்பிடியே விடுவம் எண்டதுதான் என்ர எண்ணம், கடையில கேட்டா சாமான் வரவேணுமே.