‘நீங்கள் கடந்து வந்த தடை என்ன?’ போன்ற விண்ணப்பக் கட்டுரைக் கேள்விகளுக்கு நாங்கள் இருவர் எழுதியது

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது என்னை அதிக நாள் உட்கார வைத்தது இந்தத் தடைக் கேள்விதான். எனக்கு இடது காது கேட்காது. அதை எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே இரண்டு வாரம் போனது. (சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மனசு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம்.)

முதல் வரைவு முழுக்க அழுகை. பள்ளியில் கேலி செய்தது, அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது. முதுகலையில் பாடம் எடுத்த மேடத்திடம் காட்டினேன். பென்சிலை எடுத்து, வேறு யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகளுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு பக்கத்தில் தப்பியது நான்கு வரி. “நடந்ததெல்லாம் சரிம்மா. நீ என்ன செஞ்சே, அதைக் காணோமே?” என்றார்.

தப்பியவற்றில் ஒன்று, ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை நான் மூன்று முறை கேட்பேன் என்ற வரி. என் துறை சமூகவியல். எதிரில் இருப்பவர் பேசும்போது சில சொற்கள் நழுவிவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு பதிவையும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவேன். அப்படிக் கேட்கும்போதுதான், சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெண்கள் சில நொடி நிறுத்திவிட்டுப் பதில் சொல்வது பிடிபட்டது. நிறுத்தங்களையும் நொடிக்கணக்கில் குறிக்க ஆரம்பித்தேன். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே அதிலிருந்து வந்தது. புது வரைவில் காதுக்கு ஒரே வரி. மிச்சமெல்லாம் அந்த நிறுத்தங்கள்.

அப்புறம், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் இரண்டு கட்டுரை தனித்தனியாகக் கேட்பார்கள். என்ன ஆராயப் போகிறோம், ஏன் அங்கே என்பதற்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்’. இதுவரை எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்கு ‘பர்சனல் ஹிஸ்டரி’. நான் இரண்டிலும் ஒரே கதையை எழுதி வைத்திருந்தேன். கடைசி வாரத்தில் உட்கார்ந்து பிரித்தேன்.

ஏழு இடத்தில் இரண்டில் கிடைத்தது. கட்டுரையால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சேர்க்கை நேர்காணலில் முதல் கேள்வியே அந்த நிறுத்தங்களைப் பற்றித்தான்.

———

நான் இரண்டாவது ஆள், எம்பிஏ பக்கம். எனக்கு வந்தது வேறு கேள்வி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பல வருடமாகக் கேட்கும் கேள்வி, ‘உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?’ நான் விண்ணப்பித்தபோது இதற்கும் இன்னொரு கட்டுரைக்கும் சேர்த்து 1,050 சொல் வரம்பு. முதலில் தலைமைப் பண்பு என்று எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “யாருடா இவன்?” என்றார்.

வேலை முடிந்து வந்து அப்பாவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு வருடம் இருக்கிறது. ஒருநாள் மாத்திரை அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிவிட்டு, “இது உங்க அம்மாவோடது, என்னோடது இல்ல” என்று அவரே திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து தொடங்கினேன். ‘எது’ என்பது அன்றைக்கே முடிந்தது. ‘ஏன்’ என்பதற்கு மூன்று வாரம் ஆனது.