குழந்தைகளின் உடல் பருமன்: வீட்டின் பொறுப்பா, பள்ளியின் பொறுப்பா?

செங்காந்தள்:
2025 செப்டம்பரில் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல் பருமன் உடையவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் எடைக்குறைவை முந்தியது இதுவே முதல் முறை. தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும் மட்டும் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

இதற்குப் பிறகும், "அம்மா ஒழுங்காகச் சமைத்துப் போட்டால் பிள்ளை ஏன் குண்டாகிறது?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே தலைமுறைக்குள் இத்தனை நாட்டுத் தாய்மார்களும் பொறுப்பற்றவர்களாகிவிட்டார்களா? மாறியது கடை, மாறியது விலை, மாறியது விளம்பரம். பகலில் பிள்ளை இருக்கும் இடம் பள்ளி. அங்கே எல்லோருக்கும் ஒரே உணவைச் சமைத்துப் போட வேண்டும், பாக்கெட் தின்பண்டங்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஜப்பான் இதைத்தான் செய்கிறது.

காவிரிக்கரை:
சகோதரி, ஜப்பானைக் காட்டுவது சுலபம். அங்கே சிறு பிள்ளைகளும் பள்ளிக்கு நடந்தே போகிறார்கள். வீட்டில் மீன், காய்கறி, மிசோ சூப். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் பள்ளிச் சாப்பாட்டுக்கு மட்டும் பெருமை சேர்ப்பது நியாயமில்லை. பள்ளி தருவது ஒரு வேளை. மற்ற இரண்டு வேளையும், சனி ஞாயிறும், கோடை விடுமுறையும் யார் கையில் இருக்கின்றன? இரண்டு லிட்டர் குளிர்பானத்தை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைப்பது அரசாங்கம் அல்ல. பொறுப்பைப் பள்ளியிடம் கொடுத்த மறுநாளே பெற்றோர் கைகழுவிவிடுவார்கள் என்பதே என் அச்சம்.

நகோயாவாசி:
என் மகள் இங்கே ஜப்பானின் நகோயாவில் தொடக்கப் பள்ளியில் படிப்பதால் நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன். மதிய மணி அடித்ததும் அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து, பாத்திரங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே அறையில் அதே உணவைச் சாப்பிடுகிறார். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை அடுக்கித் திருப்பிக் கொண்டுபோவதும் பிள்ளைகளே. மாதத் தொடக்கத்தில் உணவுப் பட்டியல் வீட்டுக்கு வந்துவிடும். எந்த நாள் என்ன, எத்தனை கலோரி, எல்லாம் அதில் இருக்கும். (சைவக் குடும்பங்களுக்கு இது எளிதல்ல. மீன் சாறு கலக்காத நாளே அபூர்வம். நாங்கள் பள்ளியில் பேசி, சில நாட்களுக்கு வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறோம்.)

1889இல் யாமகாதா மாநிலத்தின் த்ஸுருவோகாவில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டை கொடுத்ததில்தான் இது தொடங்கியது என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் மீண்டும் வேரூன்றி, 1954இல் பள்ளி மதிய உணவுச் சட்டமானது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியும் அந்த ஆண்டுதான் உருவானது. சமையலறைக்கும் ஊழியருக்கும் ஆகும் செலவு உள்ளாட்சியுடையது. பொருள்களின் விலையைப் பெரும்பாலும் பெற்றோர் கொடுத்துவந்தார்கள். அதையும் இப்போது பல ஊர்கள் ஏற்றுக்கொள்கின்றன.

நடையும் மீனும்தான் காரணம் என்றீர்கள், காவிரிக்கரை ஐயா. தொடக்கப் பள்ளிகளில் உணவு பரவலாக இருந்தபோதும், நடுநிலைப் பள்ளிகளில் பல ஊர்களில் இல்லை. பிறகு அது மெல்லப் பரவியது. பரவிய இடங்களில் எடை எப்படி மாறியது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். பையன்களிடம் பருமன் குறைந்திருந்தது. அதே நாடு, அதே நடை, அதே மீன். வித்தியாசம் பள்ளிச் சாப்பாடு.

காவிரிக்கரை:
பையன்களிடம் குறைந்தது, சரி. பெண் பிள்ளைகளிடம்? அந்த ஆய்வில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. ஜப்பானிய இளம்பெண்கள் பலர் அளவுக்கு மீறி மெலிந்திருப்பதே அங்கே தனிக் கவலையாக இருக்கிறது. ஒல்லி என்பதாலேயே அந்த நாட்டை முன்மாதிரி ஆக்கிவிட முடியாது.

இப்போது சிலிக்கு வாருங்கள். 2016 ஜூனில் அந்த நாடு கொண்டுவந்ததைவிடக் கடுமையான சட்டம் அதுவரை எங்கும் இல்லை. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த ஒவ்வொரு பாக்கெட்டிலும் கறுப்பு எண்கோண முத்திரை. அந்த முத்திரை பெற்ற எதையும் பள்ளிக்குள் விற்கக் கூடாது. காலை உணவுப் பெட்டிகளில் இருந்த கார்ட்டூன் புலி, முயல் எல்லாம் போயின. நீங்கள் கேட்கும் பள்ளிச் சாப்பாட்டையும் ஹுனாயெப் என்ற அரசு அமைப்பு 1964 முதல் தந்துகொண்டிருக்கிறது. இத்தனையும் செய்த நாட்டில் இன்றும் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அதிக எடையுடன் இருக்கிறார்கள். வீடு மாறாமல் எது மாறும்?

செங்காந்தள்:
பாதிக் கணக்கைத்தான் வைத்திருக்கிறீர்கள். சட்டம் வந்த ஒன்றரை ஆண்டுக்குள் சர்க்கரை பானங்கள் வாங்குவது 24 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வாங்கியவர்கள் யார்? வீட்டுக்காரர்கள்தான். முத்திரையைத் தவிர்ப்பதற்காகப் பல நிறுவனங்கள் சர்க்கரையையும் உப்பையும் குறைத்தன. வீட்டை மாற்றியது சட்டம். அதே தாய், அதே தந்தை, முன்னால் தெரியாத ஒன்றைப் பார்த்தவுடன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

சிலியின் இலவச உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் போவதில்லை. ஏழ்மையான 60 சதவீதத்தினருக்கே முன்னுரிமை. பிறந்ததிலிருந்து ஏறிய எடை சில ஆண்டுகளில் இறங்கவில்லை என்பதற்காகச் சட்டத்தைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்.

சிங்கைக்குருவி:
இரண்டு பேரும் ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டீர்கள். பள்ளி தலையிடும்போது எப்படித் தலையிடுகிறது என்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் 1992இல் ஒரு திட்டம் வந்தது. எடை மிகுந்த மாணவர்களைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் பள்ளிக்கு முன்னும் பின்னும் ஓட வைத்தார்கள். மாணவர்களில் 14 சதவீதமாக இருந்த எடை மிகுந்தவர்களின் கணக்கு 10க்குக் கீழே இறங்கியது. காகிதத்தில் பெரிய வெற்றி. நான் அந்த ஆண்டுகளில் படித்தவன். மற்றவர்கள் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிடும்போது, என் வகுப்புத் தோழன் அவர்கள் கண்ணெதிரே மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். வகுப்பில் அவனுக்கு இருந்த பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. அவனுக்கு ஓட்டம் உடற்பயிற்சியாக இருக்கவில்லை, தண்டனையாக இருந்தது. 2007இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, எல்லா மாணவருக்குமான பொதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

காவிரிக்கரை:
அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? 2017இல் 13 சதவீதம், 2021இல் 16 சதவீதம். மனம் நோகக் கூடாது என்று நிறுத்தினார்கள், எடை ஏறிவிட்டது. சர்க்கரை நோய் வந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு வரும் நோவு சிறியதா?

சிங்கைக்குருவி:
2021க்கு முன் பெருந்தொற்றால் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். அதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஒரு பிள்ளையைப் பிரித்து நிறுத்திக் குறைக்கும் எடை எனக்கு வேண்டாம். நகோயாவில் அந்தத் தட்டு ஒல்லிப் பிள்ளைக்கும் அதே, பருமனான பிள்ளைக்கும் அதே. யாரையும் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

காவிரிக்கரை:
சரி, நம் ஊருக்கு வருவோம். 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம். பள்ளிச் சாப்பாட்டில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாப்பாடு போகும் அரசுப் பள்ளிகளில் பருமன் பெரிய பிரச்சினையா? சென்னையில் நடந்த ஆய்வுகளில் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடம்தான் அது பல மடங்கு அதிகம். அவர்கள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோகிறவர்கள். அதில் நூடுல்ஸை அடைத்துக் கொடுப்பது பெற்றோர்தான்.

செங்காந்தள்:
இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளி சமைத்துப் போடும் இடத்தில் பருமன் குறைவு, போடாத இடத்தில் அதிகம். வருமான வேறுபாடும் இதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் காட்டிய உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. ஏழைப் பிள்ளைக்கு மட்டுமே உரியது என்று சத்துணவை ஒதுக்கி வைத்தது நம் தவறு. இத்தனை கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் ஒரு சமையலறை கட்டச் சொல்வது பெரிய கோரிக்கையா?

இன்னொன்று. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். எத்தனை சிப்ஸ் சரம் தொங்குகிறது என்று எழுதுங்கள், பிறகு பெற்றோரைப் பற்றிப் பேசுவோம்.