அலர்ஜிக்கு வேர் பி செல்லா? (சுங்கை சிப்புட் குழு)

செம்பனைத்தம்பி:
"அலர்ஜின்னா தோல், மூக்குல இருக்கிற மாஸ்ட் செல் வெடிக்கிறது, அவ்வளவுதான். பி செல் (எதிர்ப்பொருள் உண்டாக்குற வெள்ளணு) ஆராய்ச்சியெல்லாம் லேப்காரங்க பொழுதுபோக்கு"ன்னு பால்மரத்தான் அண்ணன் நேத்து போட்டிருந்தார். அரிப்பு, வீக்கம் தர்ற ஹிஸ்டமினைக் கொட்டுறது மாஸ்ட் செல்தான், ஒத்துக்கிறேன். அதைக் கிளப்பிவிடுற ஐஜிஈங்கிற எதிர்ப்பொருள் எங்கேருந்து வருது? பி செல் பிளாஸ்மா செல்லா முதிர்ந்துதானே சுரக்குது?

பால்மரத்தான்:
தம்பி, உங்க அண்ணி கையுறை ஃபேக்டரியில வேலை செஞ்சப்ப பவுடர் பறந்தாலே கண்ணு சிவந்து வீங்கிடும். ரப்பர்ப்பால் இல்லாத நைட்ரைல் கையுறை லைனுக்கு மாத்தினாங்க, நின்னு போச்சு. ரப்பர்ப்பால் புரதம் பவுடர்ல ஒட்டிக்கிட்டு காத்துல வரும்னுதான் அமெரிக்காவில 2017ல பவுடர் போட்ட மருத்துவக் கையுறையையே தடை பண்ணாங்க. பொருளை ஒதுக்கினா போதும் லா. பி செல் எங்கே வந்துச்சு?

செம்பனைத்தம்பி:
நின்னது வீக்கம், அலர்ஜி இல்ல. இன்னிக்கு அண்ணி ஒரு ரப்பர் பலூன் ஊதினா என்ன ஆகும்? (விளையாட்டுக்குக்கூட ஊதச் சொல்லாதீங்க.) ரத்தத்துல ஐஜிஈக்கு ஆயுசு ரெண்டு நாள் சொச்சம்தான், மாஸ்ட் செல்லுல ஒட்டினா சில வாரம். வருஷக்கணக்கா விட்டுட்டுத் தொட்டாலும் திரும்ப வருதுன்னா, எங்கேயோ ஞாபகம் வச்சிருக்கு. 2024ல கனடா-டென்மார்க் கூட்டுக் குழுவும் ஒரு அமெரிக்கக் குழுவும் தனித்தனியா அந்த இடத்தைக் காட்டினாங்க: ஐஜிஜிங்கிற இன்னொரு எதிர்ப்பொருள் வகை நினைவு பி செல்கள். மேலே ஐஎல்-4ங்கிற சமிக்ஞைப் பொருளைப் பிடிக்கிற ஏற்பியோட காத்திருக்கும், சமிக்ஞை கிடைச்சா ஐஜிஈக்கு மாறிடும்.

டீச்சரக்கா:
முழுசா தம்பி பக்கம் சாய மாட்டேன். எலும்பு மஜ்ஜையில நீண்டநாள் வாழ்ற பிளாஸ்மா செல்லும் ஐஜிஈ சுரக்குது. எதுக்கு எவ்வளவு பங்குன்னு சண்டை இன்னும் ஓயல. அப்புறம், பி செல் எல்லாமே வில்லன் இல்லப்பா. ஐஎல்-10ங்கிற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து அலர்ஜியை அடக்கி வைக்கிறதும் உண்டு. தேனீ வளர்க்கிறவங்க கொட்டு வாங்கி வாங்கியே தாங்கிக்கிறாங்கள்ல, அவங்க ரத்தத்துல ஐஜிஈயோட வேலையைத் தடுக்கிற ஐஜிஜி4 எதிர்ப்பொருள் ஏறியிருக்கும்.

பால்மரத்தான்:
சரி, மருந்து? ஒமாலிசுமாப் ஊசி 2003லயே ஆஸ்துமாவுக்கு வந்துருச்சு. அது பிடிக்கிறது ஐஜிஈயைத்தான், பி செல்லை அழிக்கல.

செம்பனைத்தம்பி:
அதனாலதான் ஊசியை நிறுத்தினா பலருக்குத் திரும்ப வருது! டுபிலுமாப்ங்கிற இன்னொரு ஊசி அந்த ஐஎல்-4 ஏற்பியையே அடைக்குது, ஐஜிஈ மெதுவா இறங்குது.

பால்மரத்தான்:
விலையைக் கேட்டாலே அரிக்குது தம்பி. எனக்குக் கிளினிக்ல குடுக்குற, ஹிஸ்டமினை அடக்குற சின்ன மஞ்சள் மாத்திரை போதும்.

டீச்சரக்கா:
அதைப் போட்டுட்டு மோட்டார் ஓட்டாதீங்கண்ணே, தூக்கம் தள்ளும். இறால் சாப்பிட்டு மூச்சு முட்டுச்சுன்னா அந்த மாத்திரையை நம்பி வீட்ல உட்காரவும் வேணாம். நேரா அவசரப் பிரிவு, அட்ரினலின் ஊசிதான்.