வேப்பரைசரில ஆவி வருகுதில்லை, கருகல்தான் வருகுது. துப்புரவாக்கிப் பாக்கிறதோ, வேற வாங்கிறதோ?

ராசன்_ஸ்காபரோ

எல்லாருக்கும் வணக்கம். முதுகில இருந்து இடது காலுக்கு இறங்கிற நரம்பு நோவுக்கு டொக்டர் எழுதித் தந்து இரவில கஞ்சா எடுக்கிறன். பேப்பரில சுத்திப் பத்தினால் நோ குறையுது, ஆனால் இருமல் விடியும்வரை நிக்காது. அதால ஒருத்தர் பாவிச்ச, கையில பிடிக்கிற ட்ரை ஹேர்ப் வேப்பரைசர் (காய்ஞ்ச பூவை எரிக்காமல் சூடாக்கி ஆவியா இழுக்கிற மெசின்) ஒண்டை மலிவா வாங்கினன். பழைய மொடல். கொம்பனிப் பேர் இங்க வேண்டாம். உள்ளுக்க விரல்நுனி போற அளவு உலோக அறை, அடியில வலை, மேல பிளாஸ்ரிக் வாய்.

பிரச்சினை இதுதான். 200 டிகிரியில வைச்சால் முதல் கொஞ்ச இழுவைக்கு வெறும் ஈரக் காத்து. பிறகு திடீரெண்டு தொண்டை எரியிற கருகல். இழுக்கிறதும் இறுக்கம், நெஞ்சு வலிக்க இழுக்க வேண்டிக் கிடக்கு. முடிஞ்ச பிறகு கொட்டிப் பாத்தால் ஓரத்தில கறுப்பு, நடுவில பச்சை. விரல் விறைக்கிறதால கிரைண்டர் திருப்பிறேல்லை, கையால பிச்சுத்தான் போடுறன். பூவை, ஈரப்பதத்தை 62 வீதத்தில வைச்சிருக்கிற பைக்கற் போட்ட போத்திலுக்க வைச்சிருக்கிறன்.

இதைத் திருத்தலாமோ? இல்லாட்டி மைட்டி பிளஸ், சோலோ 2, டைனாவாப், இந்த மூண்டில எது? விசாரிச்ச இடமெல்லாம் ஆளுக்கொண்டைச் சொல்லி மற்றதைக் குப்பை எண்டு சொல்லினம்.

மாலா_மார்க்கம்

ராசன் அண்ணை, வேற வாங்க முதல் ஒரு சோதனை செய்யுங்கோ. அறையை வெறுமையாக்கி, சூடாக்காமல், மூடியைப் போட்டு இழுத்துப் பாருங்கோ. அப்பவும் இறுக்கமெண்டால் வலையில பிசின் அடைச்சிருக்கு. வெறும் அறையில லேசா வந்து, பூப் போட்டால்தான் இறுகுதெண்டால் போடுற விதத்தைத்தான் மாத்த வேணும். இது தெரியாமல் காசைச் செலவழிக்காதேங்கோ.

ஓரம் கறுப்பு, நடு பச்சை எண்டு நீங்கள் சொன்னதிலயே பாதி விசயம் விளங்குது. உங்கட மெசின் சுவர்ச் சூட்டில வேலை செய்யிற வகை. மல்லி வறுக்கேக்க சட்டியில முட்டுறது கருகும், மேல கிடக்கிறது பச்சையாயே கிடக்கும், கிளறினால்தான் ஒரே பதம் வரும். இதுவும் அப்பிடித்தான். பெரிய துண்டெண்டால் சுவரில படுற முனை மட்டும் கருகுது. இந்த வகைக்குப் பூ நல்லா அரைபட வேணும், அறை நிரம்ப வேணும், மேலால மெதுவா அமத்த வேணும், பாதியில நிப்பாட்டி ஒருக்காக் கிளற வேணும். அரை அறை போட்டால் காத்து இடைவெளியால ஓடிடும்.

முதல் வாற ஈரக் காத்து தண்ணிதான். 62 பைக்கற் சுத்திப் பத்துறவைக்குச் சரி. வேப்பரைசருக்கு அந்தளவு ஈரம் கூட. அண்டைக்குப் போடுற அளவை மட்டும் முதலே எடுத்து, பிள்ளையள் எட்டாத இடத்தில ஒரு பேப்பரில பரப்பி, தொட்டால் நொறுங்கிற பதத்துக்கு விடுங்கோ. இல்லாட்டி 58 பைக்கற்றுக்கு மாறுங்கோ.

தொடக்கமே 200 வேண்டாம். 180இல தொடங்கி, ருசி குறையேக்க 190, கடைசியா 195. பத்துச் செக்கன் அளவுக்கு ஆறுதலா இழுங்கோ. வெள்ளையாப் புகை தெரியாட்டி மருந்து வரேல்லை எண்டு நினைச்சுச் சூட்டைக் கூட்டாதேங்கோ. 180இல வாறது கண்ணுக்குப் பெரிசாத் தெரியாது, ஆனால் வேலை செய்யும். ஒரு இழுவைக்குப் பிறகு பத்துப் பதினைஞ்சு நிமிசம் பொறுத்துப் பாத்து மற்றதை எடுங்கோ.

இன்னொண்டு: நரம்பு நோவுக்குக் கபாபென்ரின், பிரீகபாலின் ஏதும் எடுக்கிறியளோ? அதோட கஞ்சாவும் சேர்ந்தால் மயக்கம் கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுக்கிற ஆக்கள் இருந்தால் டொக்டரிட்டக் கட்டாயம் சொல்ல வேணும், அதுவும் கஞ்சாவும் ஒண்டோடொண்டு மோதும்.

க்ளிக்_குமார்

ராசன் அண்ணே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். மிசிசாகால இருக்கேன், சொந்த ஊரு திருச்சி. டைனாவாப்பை யாரும் சரியா எடுத்துச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன்.

அதுல பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது, கெட்டுப்போறதுக்குன்னு ஒண்ணுமே கிடையாது. அமெரிக்காவுல விஸ்கான்சின்ல செய்யறாங்க. பேனா அளவு குழாய், மேல ஒரு மூடி. மூடிக்குள்ள இருக்கற உலோகத் தகடு சூடு ஏறினதும் வளைஞ்சு 'க்ளிக்'னு சத்தம் குடுக்கும். அதுதான் இழுக்கலாம்ங்கறதுக்கு அடையாளம். ஆறினதும் இன்னொரு க்ளிக். அந்த ரெண்டாவது சத்தம் வர்றதுக்கு முன்னாடி திரும்பச் சூடு காட்டக்கூடாது, காட்டினா கருகிரும். ஒரு தடவைக்கு 0.1 கிராம் போதும், அதுலயும் பாதி போடலாம். மருந்துக்கு மாசாமாசம் காசு குடுக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க. விலையும் மத்த ரெண்டைவிட ரொம்பக் கம்மி.

நிலா_ஸ்டுட்கார்ட்

குமார் தம்பி, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ராசன் அண்ணைக்குப் பொருந்தாது. விரல் விறைக்கிற ஆள், இரவில, மருந்து ஏறின அரை மயக்கத்தில, கட்டிலில இருந்து கொண்டு டோர்ச் லைற்றரால நெருப்புக் காட்டுறதோ? ஒரு கையில குழாயைச் சுழட்டிக் கொண்டு மற்றக் கையில நெருப்பு. எனக்கு எம்.எஸ். (மல்ரிப்பிள் ஸ்கிலிரோசிஸ்) எண்ட நரம்பு வருத்தம், என்ர கைக்கு அது ஏலவே ஏலாது.

நான் பாவிக்கிறது மைட்டி மெடிக். இங்க பக்கத்தில டுட்லிங்கனில ஸ்டோர்ட்ஸ் அண்ட் பிக்கல் செய்யிறது, மருத்துவ உபகரணம் எண்டு பதிவு செய்த மொடல். கனடாவிலயும் மருத்துவ உபகரண அனுமதி இருக்கு. 40இல இருந்து 210 டிகிரி வரை இலக்கம் போட்டு வைக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விசயம். நேற்று 185இல எடுத்தது நோவுக்குப் போதுமெண்டால் இண்டைக்கும் அதே 185. மருந்தா எடுக்கிற ஆளுக்கு அளவு ஒரே மாதிரி வர வேணும். நெருப்புக் காட்டுற சாமானில அது கைப்பழக்கத்தில தங்கியிருக்கு.

மைட்டியில சுவர்ச் சூடும் வேலை செய்யும், சுடுகாத்தும் பூவுக்குள்ளால போகும். அதால கிளறாட்டியும் பெரும்பாலும் ஒரே மண்ணிறமா வரும். எல்லாத்தையும் விட, சின்ன அலுமினியக் குப்பியள் இருக்கு. என்ர மனுசன் ஞாயிற்றுக்கிழமை அரைச்சு எட்டுக் குப்பி நிரப்பி வைப்பார். இரவில நான் செய்யிறது ஒரு குப்பியைப் போட்டு மூடுறது மட்டும்தான்.

க்ளிக்_குமார்

அக்கா, டார்ச் வேணாம்னா இண்டக்‌ஷன் ஹீட்டர் இருக்கு, குழாயைச் சொருகினாப் போதும், நெருப்பே வேணாம். ஆனா ஒத்துக்கறேன், அது தனியா ஒரு பொருள், அதுக்கும் கரன்ட் வேணும். பேட்டரி இல்லாத சாமானுக்குப் பேட்டரியைத் தேடிப் போற கதை ஆயிரும். அண்ணன் கையைப் பத்திச் சொன்னதுக்கு அப்புறம் நான் டைனாவாப் வாங்குங்கன்னு அழுத்த மாட்டேன்.

கண்ணாடித்தண்டு

ஒருத்தரும் சோலோ 2 பற்றிக் கதைக்கேல்லை, வாட்டர்லூவில, எங்கட ஒன்ராறியோவிலயே இருக்கிற அரைசர் கொம்பனிச் சாமான். நிலா அக்கா, மைட்டி நல்ல மெசின், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதின்ர குளிரூட்டும் பகுதியைப் பிரிச்சால் எத்தினை துண்டு, எத்தினை சின்ன ரப்பர் வளையம்? அதைப் பிரிச்சுப் பூட்ட விரல் பலம் வேணுமே. பிளாஸ்ரிக்கை அல்கஹோலில கனநேரம் ஊறவும் விடேலாது, வெடிப்பு விழப் பாக்கும்.

சோலோவில ஆவி வாற வழி கண்ணாடிக் குழாய். அரைச்ச பூவைத் தட்டில கொட்டி, குழாய் வாயை அதில அமத்தினால் தானா நிரம்பிடும், விரலால ஒண்டையும் பொறுக்கத் தேவையில்லை. ஊத்தையானால் 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில இரவு போட்டு விட்டால் காலமை புதுசு மாதிரி. ருசியில கண்ணாடியை அடிக்க ஒண்டுமில்லை, இதை நான் ஆரோடையும் நிண்டு வாதாடுவன். விலையும் மைட்டியை விட நல்லாக் குறைவு. குறை எண்டால், கண்ணாடி விழுந்தால் உடையும், பற்றரியைக் கழட்டி மாத்தேலாது. பற்றரி மாத்த வேணுமெண்டால் அதே கொம்பனியின்ர எயார் மொடலுகளைப் பாக்க வேணும்.

நிலா_ஸ்டுட்கார்ட்

துப்புரவு விசயத்தில நீங்கள் சொல்லுறது உண்மை, பிரிக்கிறது விரலுக்கு வேலைதான். எங்கட வீட்டில அதையும் மனுசன்தான் செய்யிறார். ஆனால் குப்பி போட்டால் பிசின் அறைக்குள்ள படிறது நல்லாக் குறையும். இழுவை இறுக்கம்தான் அண்ணையின்ர பெரிய கவலையெண்டால் அதே கொம்பனி 2023இல விட்ட வென்ரி எண்ட மொடலையும் பாக்கலாம். காத்தோட்டத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், இருபது செக்கனில சூடேறும். என்ன, விலை மைட்டியை விடவும் கூட.

ராசன்_ஸ்காபரோ

எல்லாருக்கும் நன்றி. மாலா தங்கச்சி, வெறும் அறையில இழுத்துப் பாத்தன், அப்பவும் இறுக்கம்தான். ஊசியால வலையைக் கிளப்பினால் கறுத்த தார் மாதிரி ஒட்டிக் கிடக்கு, வெளிச்சமே தெரியேல்லை. கபாபென்ரின் எடுக்கிறன், டொக்டருக்கு ரெண்டும் தெரியும். வலையை எப்பிடிக் கழுவுறது?

இன்னொரு கேள்வி. வேப்பரைசர் எண்டால் உண்மையிலயே நெஞ்சுக்கு நல்லதோ, இல்லாட்டி விக்கிறவன்ர கதையோ? மற்றது, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போறன், மெசினைக் கொண்டு போகலாமோ?

மாலா_மார்க்கம்

வலையையும் வாய்ப்பக்கத்து உலோகத் துண்டையும் கழட்டி ஐசோப்ரொப்பைலில அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கிற பிரசால தேயுங்கோ. மெசினுக்குள்ள ஒருக்காலும் அல்கஹோலை ஊத்தாதேங்கோ. காதுக்குப் போடுற பஞ்சுக் குச்சியை நனைச்சுப் பிழிஞ்சு அறைச் சுவரைத் துடைச்சால் போதும். அது பெற்றோல் மாதிரி பத்துற சாமான், அடுப்புக்குப் பக்கத்தில வைச்சுச் செய்ய வேண்டாம். எல்லாம் நல்லாக் காய்ஞ்ச பிறகு வெறும் அறையைக் கூடின சூட்டில ஒருக்கா ஓட விடுங்கோ, மணம் போகும்வரை இழுக்காதேங்கோ. புது வலையே மலிவாக் கிடைக்கும், ரெண்டு மூண்டு வாங்கி வைக்கலாம்.

நெஞ்சு விசயம்: 2007இல சான் ஃபிரான்சிஸ்கோவில டொக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழு வோல்கேனோ எண்ட மேசை மெசினை வைச்சுப் பாத்தவை. இரத்தத்தில ஏறின மருந்து பத்துறதோட கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆனால் மூச்சில காபன் மொனொக்சைட் பத்தின ஆக்களுக்கு ஏறின மாதிரி ஏறேல்லை. சின்ன ஆய்வு, ஆனால் காரணம் தெளிவு: இலை எரியேல்லை. அதுக்காக நெஞ்சுக்கு ஒண்டுமே செய்யாது எண்டு சொல்ல மாட்டன். உங்கட மெசினில கறுப்பா வாறது வரைக்கும் நீங்கள் பாதி எரிச்சுத்தான் இழுக்கிறியள், இருமல் நிக்காது. மண்ணிறத்தில நிப்பாட்டப் பழகுங்கோ. கொட்டுற மிச்சத்திலயும் மருந்து கிடக்கும், நாய் பூனை வாய் வைக்காத மாதிரி எறியுங்கோ.

ஊருக்கு வேண்டவே வேண்டாம். 2018 ஒக்ரோபர் 17இல இருந்து இங்க சட்டப்படி இருந்தாலும், கனடா எல்லையைக் கஞ்சாவோட தாண்டுறது குற்றம், டொக்டற்ற கடிதம் இருந்தாலும் குற்றம். இலங்கையிலயும் விடமாட்டினம். பாவிச்ச மெசினில ஒட்டியிருக்கிற பிசினே போதும் பிடிக்க.

க்ளிக்_குமார்

சென்னை வழியாப் போறதா இருந்தா இன்னும் கவனம்ணே. கஞ்சாவுக்கு 1985 போதைப்பொருள் சட்டம் தனியா இருக்கு. அதோட 2019ல வந்த மின்சிகரெட் தடைச் சட்டத்துல, ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியா இழுக்கற மின்கருவி எல்லாமே அடங்குது, நிகோடின் இருந்தாலும் இல்லாட்டியும். புதுசா, துளி கறை இல்லாம இருந்தாக்கூட கஸ்டம்ஸ்ல மாட்டும். சிங்கப்பூர்லயும் வேப்பரைசர் வெச்சிருக்கறதே குற்றம். அங்க இருக்கற நாட்களுக்கு வேற என்ன மருந்துன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

ராசன்_ஸ்காபரோ

கழுவிப் பூட்டியாச்சு. மகள் அரைச்சுத் தந்தவ, பேப்பரில காய விட்டு, நிரப்பி அமத்தி, 180இல தொடங்கினன். இழுவை இப்ப லேசு. பாதியில கிளறினன். கொட்டேக்க நடுவில கொஞ்சம் வெளிறலா இருந்தது, கறுப்பில்லை. இருமல் வந்தது, ஆனால் இரண்டு மூண்டோட நிண்டிட்டுது. கால் நோ படுக்கக் கூடிய அளவுக்கு இறங்கினது.

ஆனால் பாதியில மூடியைத் திறந்து கிளறுறதுதான் என்ர விரலுக்கு ஏலாமல் கிடக்கு. சூட்டு உலோகம், கை நடுக்கம். அதால எப்பிடியும் ஒண்டு வாங்கத்தான் வேணும். இப்ப மைட்டிக்கும் சோலோவுக்கும் நடுவில நிக்கிறன். கண்ணாடித்தண்டு தம்பி, சோலோவில கிளற வேணுமோ?

கண்ணாடித்தண்டு

கட்டாயமில்லை அண்ணை. சுடுகாத்தும் போறதால அரைவாசிக்குப் பிறகு சூட்டைப் பத்து டிகிரி கூட்டினால் மிச்சமும் சரியா வரும். கிளறினால் இன்னும் நல்லா இருக்கும், அதை மறைக்கேல்லை. ஆனால் ஒண்டு சொல்ல வேணும்: முடிஞ்ச உடன குழாய் அடி சுடும், அதைக் கழட்டித் தட்டேக்க உங்களுக்குப் பிடி நழுவினால் உடையும். நிலா அக்கா சொன்ன குப்பி முறையில மகள் நிரப்பி வைச்சால் உங்களுக்கு இரவில ஒரு வேலையுமில்லை. சோலோக்காரன் நான் சொல்லுறன், உங்கட கைக்கு மைட்டி கூடுதலாப் பொருந்தலாம்.

காசைக் குடுக்க முதல் கையில பிடிச்சுப் பாருங்கோ. என்ர சிநேகிதன் ஒருத்தனிட்ட மைட்டி பிளஸ் கிடக்கு. சனிக்கிழமை பின்னேரம் மோர்னிங்சைட் பக்கம் வாறன், ரெண்டையும் வெறுமையாக் கொண்டு வாறன். மூடியைத் திருகி, குப்பியைப் போட்டு எடுத்து, குழாயைக் கழட்டிப் பூட்டிப் பாருங்கோ.

ராசன்_ஸ்காபரோ

வாங்கோ தம்பி. மகளையும் மறிச்சு வைக்கிறன், நிரப்பப் போறது அவதானே. முகவரியைத் தனியா அனுப்புறன்.