உதவி: டிவிடி போட்டா படம் சரியா வரல, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்

ரன்னிமேடு
வியாழன், இரவு 9:10

வணக்கம். அவசரம். அமெரிக்காவில இருந்து அண்ணன் பையன் டிவிடி செட் ஒண்ணு கொண்டுவந்து குடுத்தான். டிக் கேவட்னு ஒரு அமெரிக்க டிவிக்காரர் எடுத்த பேட்டிங்க, பழைய ஹாலிவுட் ஆளுங்க எல்லாரும் இருக்காங்க, நாலு டிஸ்க். போட்டா படம் சரியா வரல. ஞாயித்துக்கிழமை அப்பாவோட கூட்டாளிங்க நாலு பேர் இதுக்குன்னே வர்றாங்க, ஒருத்தர் கோத்தகிரியில இருந்து பஸ் ஏறி வர்றார். வயசானவங்க. யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்க. மழை, கரண்ட் எப்ப போகும்னு தெரியாது.

சால்டரிங் அண்ணா
வியாழன், இரவு 9:24

சரியா வரலன்னா எப்படி? படமே வரலையா, நின்னு நின்னு வருதா, கட்டம் கட்டமா உடையுதா? ப்ளேயர் என்னது, டிவி என்னது, நடுவுல மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரா இல்ல எச்டிஎம்ஐயா?

பேரிக்காய்த் தோட்டம்
வியாழன், இரவு 9:31

குன்னூர்தானே? அப்ப சந்தேகமே வேணாம், லென்ஸுல பூஞ்சை. இங்க கொடைக்கானல்ல எங்க வீட்டுல ரெண்டு ப்ளேயர், ஒரு கேமரா, அப்பாவோட பைனாகுலர் எல்லாம் இப்படித்தான் போச்சு. மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்குது, என்ன பண்றது. மூடியைக் கழட்டி, காதுப் பஞ்சுல துளி ஸ்பிரிட் தொட்டு லென்ஸை மெல்லத் துடைங்க. அழுத்தாதீங்க. அப்புறம் அலமாரிக்குள்ள ஒரு 40 வாட் குண்டு பல்பு போட்டு அது பக்கத்துல ரெண்டு நாள் வைங்க. நான் எல்லாத்தையும் அப்படித்தான் வெச்சிருக்கேன், ஊறுகாய் உட்பட.

தலைமை ஆபரேட்டர்
வியாழன், இரவு 10:02

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து, எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு வருவதாக இல்லை. இருக்கட்டும். டிவிடிக்கு மண்டலக் குறியீடு என்று ஒன்று உண்டு. அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1. இந்தியா மண்டலம் 5. அங்கே வாங்கிய தட்டு இங்கே வாங்கிய ப்ளேயரில் ஓடாது. கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு மண்டலத்தை மாற்றலாம், ஆனால் 5 முறைதான் மாற்ற விடும், பிறகு பூட்டிக்கொள்ளும். ஆகவே யோசித்துச் செய்யவும். பஞ்சு, பல்பு, ஊறுகாய் எதுவும் இதற்கு உதவாது.

பேரிக்காய்த் தோட்டம்
வியாழன், இரவு 10:06

ஊறுகாயை விளையாட்டுக்குச் சொன்னேன் சார்.

ஹில்குரோவ்
வியாழன், இரவு 10:40

டிவிடிக்கு ஆகற பதில் எனக்குத் தெரியாது, ஆனா அந்த செட்டா? 2006ல வந்ததுதானே? ஹிட்ச்காக், பெட்டி டேவிஸ், ஆர்சன் வெல்ஸ், ராபர்ட் மிச்சம், ஃப்ரெட் அஸ்டேர் எல்லாரும் ஒரே பெட்டியில! மார்லன் பிராண்டோ பேட்டியை விட்டுடாதீங்க. ஆஸ்கர் வேணாம்னு சொன்ன அதே 1973ல வந்து உக்காந்து, படத்தைப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டார், செவ்விந்தியர்களைப் பத்தி மட்டும்தான் பேசுவார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடப் போற வழியில பின்னாடியே வந்த போட்டோக்காரரோட தாடையை ஒரே குத்துல உடைச்சார். அந்த போட்டோக்காரர் அடுத்த தடவை இவரைப் படம் எடுக்க வந்தப்ப ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்தாராம். ஞாயித்துக்கிழமை ஒரு நாற்காலி காலியா இருந்தா சொல்லுங்க, நான் பர்லியார்ல இருந்தே வந்துடுவேன்.

ரன்னிமேடு
வெள்ளி, காலை 7:15

நேத்து கரண்ட் போயிடுச்சு, மன்னிக்கணும். டிஸ்க் ஓடுதுங்க. சத்தம் கணீர்னு இருக்கு. படம்தான் கருப்பு வெள்ளையா வருது, அதோட மேல மேல உருண்டுகிட்டே இருக்கு. அப்பா அதையும் முக்கால் மணி நேரம் பார்த்துட்டு, தலை சுத்துதுன்னு படுத்துட்டார்.

தலைமை ஆபரேட்டர்
வெள்ளி, காலை 8:20

கருப்பு வெள்ளையில் வருவது கோளாறே அல்ல. பழைய நட்சத்திரங்களின் பேட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பேட்டி வேறு எப்படி வரும்? உருளுவதை மட்டும் கவனியுங்கள்.

ஹில்குரோவ்
வெள்ளி, காலை 8:33

சார், 1973 அமெரிக்க டிவி சார். அது கலர். நம்ம ஊர்ல 1982 ஆசிய விளையாட்டுக்குத்தான் கலர் வந்ததுன்னா உலகத்துக்கே அப்பத்தான் வந்ததா?

ரன்னிமேடு
வெள்ளி, காலை 8:50

கலர்தான் சார், அட்டையில படம் கலரா போட்டிருக்கு. அப்பாவும் அதைத்தான் சொல்றார். கேத்தரின் ஹெப்பர்ன் பேட்டியில அந்தம்மா ஸ்டுடியோவைச் சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வர்றாங்க. மேஜை சரியில்ல, கார்ப்பெட் நிறம் சகிக்கலன்னு எல்லாரையும் விரட்டறாங்க. அப்புறம், வந்தது வந்தாச்சு, இப்பவே எடுத்துடலாமேன்னு கூட்டமே இல்லாம பேட்டி குடுக்கறாங்க. அப்பாவுக்கு அந்த கார்ப்பெட் என்ன நிறம்னு தெரிஞ்சே ஆகணுமாம். எங்களுக்கு சாம்பல் நிறத்துல ஒரு கார்ப்பெட் மேல போய்க்கிட்டே இருக்கு.

கேத்தி சந்திப்பு
வெள்ளி, காலை 9:05

ஐயோ ஹெப்பர்னா! ரோமன் ஹாலிடே! எங்க அம்மாவுக்கு உசிரு. அந்த ஸ்கூட்டர் சீன் இருக்கே!

ஹில்குரோவ்
வெள்ளி, காலை 9:11

அது ஆட்ரி ஹெப்பர்ன் அக்கா. இது கேத்தரின். சொந்தமே கிடையாது. கேத்தரின் நாலு ஆஸ்கர் வாங்கினவங்க, நாலையும் வாங்க நேர்ல போகாதவங்க.

கேத்தி சந்திப்பு
வெள்ளி, காலை 9:14

நாலு வாங்கினா என்ன, ஆட்ரி அழகு ஆட்ரிதான்.

சால்டரிங் அண்ணா
வெள்ளி, காலை 9:30

யாரு அழகுன்னு அப்புறம் பேசுவோம். ரன்னிமேடு, டிவி என்னதுன்னு ரெண்டாவது தடவையா கேக்கறேன். உருளறதுன்னு சொன்னப்பவே எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. ப்ளாட் டிவியா, குண்டு டிவியா? அரசாங்கம் குடுத்த கலர் டிவியா?

பேரிக்காய்த் தோட்டம்
வெள்ளி, காலை 9:41

பூஞ்சை முத்திப்போனா கலரும் போகும்னு நினைக்கிறேன்.

சால்டரிங் அண்ணா
வெள்ளி, காலை 9:44

போகாது தம்பி. லென்ஸ் அழுக்கானா படம் உறையும், கட்டம் கட்டமா சிதறும், இல்லன்னா டிஸ்கே இல்லன்னு சொல்லும். சத்தமும் சேர்ந்து திக்கும். சத்தம் கணீர்னு வருதுன்னா லென்ஸ் டிஸ்கை ஒழுங்கா படிக்குதுன்னு அர்த்தம். மண்டலம் கதையும் அதேதான், மண்டலம் ஒத்துக்கலன்னா ஒரு பிரேம் கூட ஓடாது, எழுத்து போட்டு நிறுத்திடும். இங்க மார்க்கெட்டுல விக்கிற சின்ன கம்பெனி ப்ளேயர் பாதி எல்லா மண்டலமும் ஓடற மாதிரிதான் வருது.

ரன்னிமேடு
வெள்ளி, மதியம் 1:20

டிவி சாதா டிவிதாங்க. 21 இன்ச், என் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது, 1994. பின்னாடி பெரிசா இருக்கும். இன்னிக்கு வரைக்கும் ஒரு ரிப்பேர் இல்ல. ப்ளேயர் போன வருஷம் வாங்கினது. மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர்.

சால்டரிங் அண்ணா
வெள்ளி, மதியம் 1:35

இதை நேத்தே சொல்லியிருந்தா அப்பாவுக்குத் தலை சுத்தியிருக்காது.

விஷயம் இதுதான். டிவிக்குப் படம் அனுப்பற முறை ஊருக்கு ஊர் வேற. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி முறை. நம்ம ஊரு பால் (PAL) முறை. அங்க ஒரு படத்துக்கு 525 கோடு, வினாடிக்கு 30 படம் சுமாரா. இங்க 625 கோடு, 25 படம். இப்ப வர்ற ப்ளாட் டிவி ரெண்டையும் வாங்கிக்கும், அதனாலதான் இந்தப் பிரச்சனையையே ஜனம் மறந்துடுச்சு. உங்க 1994 டிவி பால் மட்டும் தெரிஞ்ச டிவி. வினாடிக்கு 50 தடவை மேலயிருந்து கீழ கோடு போட்டுப் பழகினது, 60ன்னு வந்தா பிடிக்க முடியாம நழுவ விடுது. அதான் உருளல். கலர் சிக்னல் பால்ல 4.43 மெகாஹெர்ட்ஸ்ல வரும், என்டிஎஸ்சில 3.58ல வரும். டிவி 4.43ல தேடிப் பார்க்குது, அங்க ஒண்ணும் இல்ல, சரி இது கருப்பு வெள்ளைப் படம்னு தானே முடிவு பண்ணி கலரை அணைச்சுடுது. நம்ம தலைமை ஆபரேட்டர் சார் நினைச்ச மாதிரியே.

பழுது எதுவும் இல்ல. ப்ளேயர்ல செட்டப் போய் டிவி டைப்னு இருக்கறதை பால்னு மாத்துங்க. இல்லன்னா ரிமோட்டுலயே என்/பின்னு ஒரு பட்டன் இருக்கும். டிஸ்க் ஓடும்போது அமுக்கினா பல ப்ளேயர்ல கேக்காது, நிறுத்திட்டு அமுக்கணும். ப்ளேயரே மாத்தி அனுப்பிடும். கேமரா பக்கவாட்டுல நகரும்போது லேசா துள்ளும், ஆனா இது உக்காந்து பேசற சமாச்சாரம், உங்க அப்பா கண்ணுக்குத் தெரியாது.

தலைமை ஆபரேட்டர்
வெள்ளி, மதியம் 2:10

நான் சொல்ல வந்ததும் ஏறத்தாழ இதுதான். அமெரிக்கத் தட்டு என்பதுதான் அடிப்படைக் காரணம் என்று முதலிலேயே குறிப்பிட்டிருந்தேன்.

ரன்னிமேடு
வெள்ளி, மாலை 6:40

பால் மாத்தணும்னு அப்பாகிட்ட சொன்னேன், ஏன் ஆவின் நல்லாத்தானே இருக்குன்னார். ஒரு சிக்கல். ரிமோட் இல்ல. போன ஏப்ரல்ல வெயிலுக்குத் திண்ணையில காயவெச்சப்ப குரங்கு எடுத்துட்டுப் போயிடுச்சு. ப்ளேயர் முன்னாடி நாலே பட்டன்தான்.

கேத்தி சந்திப்பு
வெள்ளி, மாலை 6:52

ரிமோட்டை ஏன் காயவெச்சீங்க??

ரன்னிமேடு
வெள்ளி, மாலை 6:55

டீ கொட்டிடுச்சு.

சால்டரிங் அண்ணா
வெள்ளி, மாலை 7:05

அக்கம்பக்கத்துல யார் வீட்டு டிவிடி ரிமோட்டையாவது வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா நீட்டிப் பாருங்க. மேல ஒட்டின பேர் வேறயா இருந்தாலும் உள்ள சிப் ஒண்ணா இருந்தா வேலை செய்யும். இல்லன்னா ரிப்பேர் கடையில பழைய ரிமோட் ஒரு டப்பா நிறைய வெச்சிருப்பாங்க. ப்ளேயரையும் தூக்கிட்டுப் போயிடுங்க, அங்கயே சோதிச்சுடலாம்.

அப்பர் லேக்
வெள்ளி, இரவு 8:15

எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு கஷ்டப்பட்டு வெளிநாட்டு டிவிடி பார்க்கறீங்களே, நம்ம சிவாஜி, சாவித்திரி, நாகேஷ், பத்மினி இவங்க பேட்டியெல்லாம் இப்படிப் பெட்டி போட்டு ஏன் வரல? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல இருந்து ஓடுது. எவ்வளவு எடுத்திருப்பாங்க! அழிச்சிருப்பாங்க, வேற என்ன. நமக்குப் பழசோட அருமை தெரியாது. வெள்ளைக்காரன் பத்திரமா வெச்சிருக்கான்.

ஹில்குரோவ்
வெள்ளி, இரவு 8:28

ஆரம்பிச்சுட்டீங்களா. வெள்ளைக்காரன் என்ன பெரிசா வெச்சான்? ஜானி கார்சன் 1962ல இருந்து நியூயார்க்ல பத்து வருஷம் நடத்தின பேட்டி நிகழ்ச்சியில பெரும்பகுதி இப்ப இல்ல. டேப் விலை அதிகம்னு அது மேலயே வேற நிகழ்ச்சியைப் பதிவு பண்ணிட்டாங்க. ரெண்டு அங்குல அகல டேப், ஒரு சுருளைத் தூக்கவே தெம்பு வேணும். கேவட் டேப்புங்க தப்பிச்சதால நமக்கு இந்தப் பெட்டி கிடைச்சுது. தப்பிச்சதை மட்டும் பார்த்துட்டு அவங்க எல்லாத்தையும் காப்பாத்தினாங்கன்னு சொல்லக்கூடாது.

அப்பர் லேக்
வெள்ளி, இரவு 8:36

தப்பிச்சதையாவது விக்கறாங்களே. எங்க தாத்தா மூன்றாம் பிறை ஷூட்டிங்கை கேத்தி ஸ்டேஷன்ல நின்னு பார்த்தவர். கமல் கிட்ட, ஸ்ரீதேவி கிட்ட யாராவது ஒரு மணி நேரம் அதைப் பத்தி மட்டும் உக்காந்து பேசினாங்களா? பிடிச்ச கலர் என்ன, பிடிச்ச சாப்பாடு என்னன்னு கேட்டுட்டு அனுப்பிடுவாங்க.

கேத்தி சந்திப்பு
வெள்ளி, இரவு 8:41

எங்க ஸ்டேஷன்! ஆனா சிமி கரேவால் ஜெயலலிதாகிட்ட 1999ல எடுத்தது நல்லாத்தானே இருந்துச்சு. அந்தம்மா ஹிந்திப் பாட்டுகூடப் பாடுவாங்க.

தலைமை ஆபரேட்டர்
வெள்ளி, இரவு 9:00

இழை திசைமாறிப் போகிறது. உதவிப் பகுதியில் உதவி மட்டும் பேசவும். தவிர, அது ஆங்கிலப் பேட்டி.

அப்பர் லேக்
வெள்ளி, இரவு 9:03

ஆங்கிலம்னா? தமிழ்ல ஒருத்தர் அப்படி எடுத்திருந்தா நான் ஏன் இங்க புலம்பறேன்?

ஹில்குரோவ்
சனி, காலை 7:50

ரன்னிமேடு, ரிமோட் கிடைச்சுதா? எந்த டிஸ்க் முதல்ல போடப் போறீங்க?

ரன்னிமேடு
சனி, மாலை 5:30

மார்க்கெட்டுல ஒரு கடையில டப்பாவைக் கொட்டிட்டார். பதினோராவது ரிமோட் பிடிச்சுது, 60 ரூபாய். என்/பி பட்டன் அதுலயே இருக்கு. வீட்டுக்கு வந்து இன்னும் போட்டுப் பார்க்கல, இங்க மறுபடி கரண்ட் இல்ல. எந்த டிஸ்க் முதல்லன்னு இப்பவே போன்ல சண்டை. அப்பா கேத்தரின் ஹெப்பர்ன்தான்னு நிக்கறார். கோத்தகிரி மாமா, பெட்டி டேவிஸ் போடலன்னா வரவே மாட்டேங்கறார். ரெண்டு பேரும் ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸ் தியேட்டர்ல ஒண்ணா டிக்கெட் எடுத்த காலத்துல இருந்து இதே சண்டைதானாம்.

சால்டரிங் அண்ணா
சனி, மாலை 5:48

என்/பி அமுக்கறப்ப ஸ்கிரீன்ல என்டிஎஸ்சி, பால், ஆட்டோன்னு மாறி மாறி வரும். பால்ல விடுங்க. ஆட்டோல விட்டா மறுபடி உருளும்.

ரன்னிமேடு
ஞாயிறு, இரவு 10:15

கலர் வந்துடுச்சு, உருளல. அண்ணாவுக்கு கோடி நன்றி. ஆறு பேர் வந்துட்டாங்க, மூணு டிஸ்க் ஓடிடுச்சு, டீ போட்டே கை ஓய்ஞ்சுது. கோத்தகிரி மாமா கடைசி பஸ்ஸை விட்டுட்டார், இங்கதான் படுத்திருக்கார். நாளைக்கு விவரமா எழுதறேன்.

ஹில்குரோவ்
ஞாயிறு, இரவு 10:19

ஆஹா! கார்ப்பெட் என்ன கலர்?

ஹில்குரோவ்
புதன், இரவு 9:02

ரன்னிமேடு? கார்ப்பெட் என்ன கலர்?

கேத்தி சந்திப்பு
வெள்ளி, காலை 10:30

நானும் அதுக்குத்தான் தினம் வந்து பார்க்கறேன்.

பேரிக்காய்த் தோட்டம்
வெள்ளி, காலை 11:12

எதுக்கும் லென்ஸை ஒரு தடவை துடைச்சு வெச்சுக்கிறது நல்லதுதான்.