சல்லடைப்பாடு, ஊடிழுப்பு: இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்

வணக்கம் ஐயா,

மின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும்போது உயிர்கள் சல்லடையில் சிக்குவது 'இம்பிஞ்ச்மென்ட்', சல்லடையையும் தாண்டி நீரோடு உள்ளே போவது 'என்ட்ரெயின்மென்ட்'. இவை இரண்டையும் 'உறிஞ்சல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டும் வேறு வேறு சாவு.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1984-இல் முதல் உலை வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. குளிர்விக்கும் நீர் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி எடுக்கப்பட்டு, கடலடிச் சுரங்கம் வழியாக வருகிறது. இரண்டு உலைகளும் ஓடினால் நொடிக்குச் சுமார் 35 கன மீட்டர். பம்புக்கு முன்னால் சுழல் சல்லடை. நீரின் வேகத்தை எதிர்த்து நீந்த முடியாத மீன், நண்டு, சொறி (ஜெல்லிமீன்) எல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். மீன் அங்கே போய் முட்டுவதில்லை, நீர்தான் அதை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் 'மோதல்' என்ற சொல்லும் பொருந்தாது.

வலையில் மீன் 'படுகிறது', கிடைத்தது 'மீன்பாடு' என்பது கடற்கரைப் பேச்சு. அந்த வழியில் 'சல்லடைப்பாடு' என்கிறேன். பாடு என்றால் துன்பமும்தான். அதுவும் இங்கே பொருந்துகிறது. கண்காணிப்பவர்கள் சல்லடையைக் கழுவி விழுந்ததை இனம்வாரியாகப் பிரித்து எடை போடுகிறார்கள். 'ஒரு நாள் சல்லடைப்பாடு இத்தனை கிலோ' என்று எழுத வாகாக இருக்கும்.

மீன் முட்டை, இளவுயிரி, மிதவை நுண்ணுயிர் இவையோ சல்லடைக் கண்ணில் தங்காது. பம்பின் அடி, நீரில் கலக்கும் குளோரின், கண்டென்சரின் (நீராவியைக் குளிர்விக்கும் கருவியின்) சூடு மூன்றையும் தாண்டி மறுபக்கம் வெளியேறும். இவற்றைத் தராசில் வைக்க முடியாது. உள்வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் நுண்வலை போட்டு, நுண்ணோக்கியில் எண்ணி, உயிரோடிருப்பது எத்தனை என்று பார்க்க வேண்டும். ஊடாக இழுத்துச் செல்லப்படுவதால் 'ஊடிழுப்பு'. 'உள்ளிழுப்பு' வேண்டாம், அது மூச்சுக்குப் போய்விட்டது.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக்கு வரும் திட்டங்களின் சுருக்க அறிக்கை தமிழிலும் தரப்பட வேண்டும். அதில் 'உறிஞ்சப்பட்ட மீன் குறைவு' என்று ஒரு வரி இருந்தால், முட்டைகளும் குஞ்சுகளும் என்னவாயின என்று குப்பத்தில் வாசிப்பவர் எப்படிக் கேட்பார்? சொல்லே இல்லாவிட்டால் கேள்வியும் எழாது, ஐயா. அடுத்த பருவத்து மீன்பாடு அந்த முட்டைகளில்தான் இருக்கிறது.

'ஊடிழுப்பு' நாவுக்குக் கடினம் என்று தோன்றினால் மாற்றுச் சொல் தாருங்கள். இரண்டையும் பிரித்து வைப்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அன்புடன்