போட்டி முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு செத்து மிதக்குற மீனுங்க, என்ன பண்ணலாம்?

ஏரிக்கரை:
டெக்சாஸ்ல இருக்கேன், இங்க பாஸ்ங்கிற ஏரி மீனைப் பிடிக்கிற ஒரு சின்ன கிளப்ல மெம்பர். போன சனிக்கிழமை போட்டி, செம வெயில். ஆளுக்கு அஞ்சு மீன், போட்ல இருக்கிற லைவ்வெல் தொட்டில வச்சிருந்து மதியம் எடை போட்டு எல்லாத்தையும் உயிரோடதான் விட்டோம், நல்லாத்தான் நீந்திப் போச்சு. திங்கக்கிழமை காலைல போய் பார்த்தா போட் இறக்குற இடத்துல பதினோரு மீன் வயிறு மேல தெரிய மிதக்குது, எல்லாம் பெருசு. வாக்கிங் வந்த ஒரு அம்மா பையனோட நின்னுட்டு, "சாப்பிடவும் இல்ல, அப்புறம் எதுக்கு பிடிச்சீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பதிலே வரல. ரெண்டு நாளா மனசு சரியில்ல. நாங்க என்ன தப்பு பண்ணோம்?

தூண்டில்:
விடும்போது நீந்திப் போறதை வச்சு பொழைச்சிடும்னு சொல்ல முடியாது ப்ரோ, சூடும் மூச்சுத்திணறலும் ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில ஏழரைதான், ஆனா சூட்டுல மீனுக்கு மூச்சு அதிகமா வேணும். அதுல அஞ்சு பெரிய மீனை ஒரே தொட்டில போட்டு ஏரியோட மேல்தண்ணியையே பம்ப் பண்ணா எப்படி தாங்கும்? பாட்டில்ல தண்ணி உறைய வச்சு தொட்டில போடுங்க, ஐஸை அப்படியே கொட்டினா குளோரின் கலந்துடும். தண்ணிக்குள்ள காத்து ஊதுற ஏரேட்டர் நிக்கவே கூடாது. அதைவிட மோசம் எடை போடற லைன்ல மீனைப் பையில கொஞ்சூண்டு தண்ணியோட வச்சுக்கிட்டு காத்திருக்கிறது, அதை முதல்ல நிறுத்துங்க.

பழைய ஆளு:
பெரிய ஏரில சில மீன் செத்தா மொத்தத்துல பெருசா குறையாம இருக்கலாம். ஆனா கரையில நிக்கிறவங்க பார்க்கிறது பிணத்தைத்தானே தம்பி. இது புதுசும் இல்ல. 1967ல ரே ஸ்காட் ஆர்கன்சாவுல பீவர் ஏரியில பெரிய போட்டி ஆரம்பிச்ச காலத்துல மீனை உயிரோட விடுற பழக்கமே கிடையாது, ஏரியை காலி பண்றாங்கன்னு மத்த மீன்காரங்க கோவப்பட்டாங்க, 1972ல அவரே பிடிச்சதைக் கொல்லாதீங்கன்னு சொல்லி லைவ்வெல்லை கொண்டு வந்தாரு. அன்னைக்கு அது பெரிய மாத்தம். இப்ப அதுவும் பத்தல. 2019ல ஆரம்பிச்ச பாஸ் ப்ரோ டூர்ங்கிற அமெரிக்கப் போட்டித் தொடர்ல பிடிச்ச இடத்துலயே எடை போட்டு உடனே விட்டுடுறாங்க. துடுப்பு போடற சின்னப் படகான கயாக்ல நடக்குற போட்டில, மீனை அளவுப் பலகைல வச்சு ஃபோட்டோ எடுத்தா முடிஞ்சுது, நீளத்துக்குத்தான் பாயின்ட்.

ஏரிக்கரை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பையில காத்திருந்தது நிஜம், நான் மட்டுமே கால்மணி நேரம் நின்னேன், அதுல ஒரு மீன் என்னோடதா இருக்கும்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கு. அடுத்த மீட்டிங்ல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஃபோட்டோ போட்டிதான்னு கேக்கப் போறேன். மேடையில மீனைத் தூக்கிக் காட்டாம என்ன போட்டின்னு சிலர் சண்டை போடுவாங்க, போடட்டும். அளவுப் பலகை எங்க நல்லதா கிடைக்கும்?

தூண்டில்:
அலுமினியத்துல வாங்குங்க, வெயில்ல வச்சிடாதீங்க, மீனை வைக்கிறதுக்கு முன்னாடி நனைச்சுடுங்க, இல்லன்னா மேல இருக்கிற வழவழப்பு போயிடும்.